தூங்கியவர் பெயர் தர்மதாஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் காதல் சோகக் கதைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். அதில் பாதிக்கு மேல் தேவதாஸ். சரத் சந்திர சட்டோபாத்யாயர் இளம் வயதிலேயே எழுதி, பல வருஷம் வெளியிடாமல் வைத்திருந்து, 1917-ல் புத்தகமாக வந்த கதை. 1953-ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம், 1955-ல் திலீப் குமார் படம், 2002-ல் ஷாருக் கான் படம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. கூட வந்த வேலைக்காரன் தூங்கிவிட்டான், தேவதாஸ் ரயிலை விட்டு இறங்கிவிட்டார் என்று எழுதியிருந்தது.

நான் முப்பத்து நாலு வருஷம் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள். அதனால் முதலில் கண்ணில் பட்டது விகுதிதான். தேவதாஸ் இறங்கினார், வேலைக்காரன் தூங்கினான். ஒரே வாக்கியத்தில் ஒருவருக்கு 'ஆர்', இன்னொருவருக்கு 'ஆன்'. இத்தனைக்கும் அந்த வேலைக்காரர் தேவதாஸைத் தூக்கி வளர்த்தவர், வயதில் எத்தனையோ பெரியவர். கட்டுரையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. அவர் பெயர் தர்மதாஸ். 1955 படத்தில் அந்த வேஷத்தில் நடித்தவர் நசீர் ஹுசேன் என்பதாவது ஒரு மூலையில் வந்திருக்கலாம்.

விகுதியைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்த வரியின் பொருளே தப்பு. தர்மதாஸ் தூங்கியதால் தேவதாஸ் இறங்கவில்லை. தர்மதாஸை எழுப்பாமல் தேவதாஸ் இறங்கினான். இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாவலில் அந்த இடத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போன தேவதாஸ், உடம்பு தேறுவதற்காக அலகாபாத், லாகூர், பம்பாய் என்று ஊர் ஊராகப் போகிறான். கூட வருவது தர்மதாஸ் ஒருவர்தான். அப்பா இறந்தாயிற்று, அம்மா காசிக்குப் போயாயிற்று, அண்ணன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டாயிற்று. கடைசியில் பம்பாயிலிருந்து வங்காளம் திரும்பும் வண்டி, விடியற்காலையில் பாண்டுவா ஸ்டேஷனில் நிற்கிறது. ராத்திரியெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. தேவதாஸ் எழுந்து நிற்கிறான். கீழே தர்மதாஸ் தூங்குகிறார். தேவதாஸ் மெதுவாக அவர் நெற்றியை ஒரு முறை தொடுகிறான். வெட்கத்தால் எழுப்ப முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிடுகிறான். தூங்குகிற தர்மதாஸைச் சுமந்துகொண்டு வண்டி போய்விடுகிறது.

இவ்வளவுதான், ஏழெட்டு வரி. சாகப்போகிற மனிதன் உலகத்தில் கடைசியாக விடைபெற்றது ஒரே ஒரு ஆளிடம். அது அவன் காதலித்த பார்வதி இல்லை. அவளிடம் போய்ச் சேருவதற்குள் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவன் கைவைத்து விடைபெற்றது தர்மதாஸின் நெற்றியில்தான். எஜமான் வேலைக்காரரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. 'நான் இங்கே இறங்குகிறேன், நீ போ' என்று சொன்னால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் வெட்கப்படுகிறான். எழுப்பினால் அந்த மனிதர் 'எங்கே?' என்று கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவரும் கூடவே இறங்கியிருப்பார். அது அவனுக்குத் தெரியும்.

நான் வேலூர் கொசப்பேட்டையில் இருக்கிறேன். மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று. காந்தி ரோட்டில் கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கிறது. காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா வண்டி வந்து நின்றால், இறங்குகிறவர்களில் நோயாளி யார், கூட வந்தவர் யார் என்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நோயாளி கையில் ஃபைல் இருக்கும். கூட வந்தவரிடம் மற்றதெல்லாம் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பர்த்வான் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் வந்து எங்கள் மாடியில் ஒன்றரை மாதம் தங்கினார். கூடவே ஒரு பெரியவர். அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் டெல்லியிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். பணம் வந்துகொண்டே இருந்தது. ஆள் மட்டும் இவர்தான். என்னை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தி, அவர் கடைகளில் பொறுக்கிக்கொண்ட கொஞ்சம் தமிழ், இரண்டையும் வைத்துப் பேசிக்கொள்வோம். ஒரு நாள் கேட்டேன், 'தேவதாஸ் கதை தெரியுமா?' என்று. புத்தகம் படித்ததில்லையாம். ஊர் நாடகத்தில் பார்த்திருக்கிறாராம். 'தொர்மொதாஷ்' என்று அவர் சொன்ன மாதிரி எனக்கு இன்னும் சொல்ல வராது.

பாண்டுவா உண்மையிலேயே இருக்கிற ஊர் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் ஊர் ரயில் பாதையிலேயே இருக்கிறதாம். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மெமாரி, பாண்டுவா, மக்ரா, பண்டேல், சந்தன்நகர், ஸ்ரீராம்பூர், அப்புறம் ஹவுரா. சரத் சந்திரர் 1876-ல் பிறந்த தேவானந்தபூர் அந்தப் பண்டேலுக்குப் பக்கத்தில்தான். தன் சொந்த ஊருக்குப் போகிற பாதையிலேயே தேவதாஸை இறக்கிவிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

'தூங்கி எழுந்ததும் தர்மதாஸ் என்ன செய்திருப்பார்?' என்று அவரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'அடுத்த வண்டி பிடிச்சுத் திரும்பியிருப்பான்' என்றார். 'எந்த ஊரில் இறங்கினாரென்று தெரியாதே?' என்றேன். 'எல்லா ஸ்டேஷன்லயும் இறங்கிக் கேட்டிருப்பான். வேறே என்ன செய்வான், தீதி?' என்று சொல்லிவிட்டு, முதியவருக்குக் கஞ்சி ஆறிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

ராத்திரி அந்தப் பெரியவர் தரையில் பாய் போட்டுப் படுப்பார். ஒரு சணல் கயிற்றின் ஒரு முனை முதியவர் கட்டில் மேல், கைக்கு எட்டுகிற மாதிரி. மறுமுனை இவர் கையில். அவர் இழுத்தால் இவர் எழுந்துகொள்ள வேண்டும். கஞ்சி கொடுக்க மாடிக்குப் போனபோது அந்தக் கயிற்றைப் பார்த்தேன். கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். என் நைனா கட்டியது கயிறு இல்லை. துண்டு.

நைனாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் நிறையப் பேர் கூப்பிடுவோம். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்த ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆள் என்றுதான் அவரைச் சொல்வார்கள். 'எங்க ஆளு', 'ஆளை அனுப்பு', 'ஆள் வந்தானா'. கூப்பிடுவது பெயர் சொல்லி. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை 1948-ல் பிறந்தவர். நைனா அவரைச் சின்னவரு என்பார். வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழா வந்தால், அந்தக் கூட்டத்தில் சின்னவரைத் தோளில் உட்கார வைத்து, சிரசு கண்ணில் படுகிற வரைக்கும் அசையாமல் நின்றதை நைனா பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பிறந்த பிறகு என்னைத் தோளில் வைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனது என் மாமா. நைனாவுக்கு அன்று அந்த வீட்டில் வேலை இருக்கும். இதைக் குறையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் குறைதான். எனக்கும் தம்பிக்கும் ஜுரம் வந்தால் அம்மா ஒற்றை ஆளாக இருப்பாள். சின்னவருக்கு ஜுரம் வந்தால் நைனா மூன்று நாள் வீட்டுக்கே வரமாட்டார். 'அந்தப் புள்ளைக்கு இவரு அம்மாவா அப்பாவா?' என்று அம்மா கேட்டிருக்கிறாள். நாவலில் தர்மதாஸின் வீடு வாசலை நாம் பார்ப்பதே இல்லை. அந்த வீட்டுக்குள் இருந்தவள் நான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வட ஆர்க்காடு ஜில்லாவில் 1939-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது. 1971-ல் கடைகள் திறந்தபோது சின்னவருக்கு இருபத்து மூன்று வயது. 1974-ல் கடைகளை மறுபடியும் மூடினார்கள். மூன்று வருஷத்தில் பழகியது மூன்று வருஷத்தில் போகவில்லை. அவருக்குப் பார்வதி யாரும் இல்லை, சந்திரமுகியும் இல்லை. காதல் தோல்வி என்று சொல்ல எதுவுமே இல்லை. வெறும் குடி. வாங்கி வா என்று நைனாவைத்தான் அனுப்புவார். வாங்கி வந்தால் அந்த வீட்டுப் பெரியவர், சின்னவரின் அண்ணன், திட்டுவார், 'நீதான் கெடுக்கறே' என்று. வாங்காமல் வந்தால் சின்னவர் கையில் கிடைத்ததை எடுத்து எறிவார். செம்பு பட்ட தழும்பு ஒன்று நைனாவின் புருவத்துக்கு மேல் கடைசிவரை இருந்தது. விசுவாசமான வேலைக்காரன் என்று உங்கள் கட்டுரையில் வருகிறதே, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு முழுவதும் அவர் தலையில். வேண்டாம் என்று சொல்ல வாய் கிடையாது.

1978-ல் வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, சின்னவரை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராத்திரி துணைக்கு நைனா. பகலில் வீட்டார் வந்து போவார்கள், ராத்திரி யாரும் தங்க மாட்டார்கள். சின்னவர் எழுந்து போய்விடுவார் என்ற பயத்தில், தன் தோள் துண்டின் ஒரு முனையை அவர் மணிக்கட்டில் முடிந்து, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறார். எட்டு ராத்திரி கண்ணே மூடவில்லை. ஒன்பதாவது ராத்திரி விடியற்காலையில் தூங்கிவிட்டார்.

கண் விழித்தபோது கட்டில் காலி. துண்டு நைனாவின் மேல் போர்த்தியிருந்தது.

நைனா இதைச் சொல்லும்போது எப்போதும் இந்த இடத்தில் நிறுத்துவார். 'முடிச்ச அறுக்கலம்மா. பொறுமையா அவுத்து, துண்ட என்மேல போத்திட்டுப் போயிருக்காரு' என்பார். இரண்டு கையிலும் இறுக்கிப் போட்ட முடிச்சு. கை நடுக்கம் இருக்கிற ஒரு நோயாளி அதை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுவார். அவ்வளவு நேரமும் தான் விழித்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அவர் ஏன் அழுகிறார் என்று அன்றைக்குச் சரியாகப் புரியவில்லை.

அன்று செருப்புகூடப் போடாமல் ஓடியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு, மண்டித் தெரு, லாங் பஜார் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார். 'செவப்பா, ஒயரமா, மஞ்சக் கண்ணு, ஆஸ்பத்திரிச் சட்ட.' பதினோரு மணிக்குக் கோட்டை அகழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார். வாடை அடித்ததாம். நைனா ஒன்றும் கேட்கவில்லை. சின்னவரே சொன்னாராம், 'நீ நல்லாத் தூங்குன. அதான் எழுப்பல.'

தர்மதாஸுக்குக் கிடைக்காத ஒன்று என் நைனாவுக்குக் கிடைத்தது என்றால் அது இந்த ஒரு வரிதான். திரும்பக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். சின்னவர் அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். வீட்டில்தான் இறந்தார். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில், நைனா இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுப் பெரியவர் ஊரார் முன்னால் சொன்னார்: 'அன்னிக்கு நீ தூங்காம இருந்திருந்தா என் தம்பி பொழைச்சிருப்பான்.' நைனா இலையைக் கீழே போடவில்லை. எடுத்து முடித்தார். அந்த வீட்டில் இன்னும் பதினொரு வருஷம் வேலை செய்தார். 1998-ல் இறக்கும்வரை அவர் ராத்திரி நீட்டிப் படுத்து நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். சின்னச் சத்தம் கேட்டாலும் வலது கை மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பார்.

கூட வந்த வேலைக்காரன் தூங்கிவிட்டான் என்ற வரி ஏன் என்னை உறுத்தியது என்று இப்போது உங்களுக்குப் புரியும். 1978-ல் பந்தியில் கேட்ட அதே வரியைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் படித்தேன்.

நாவலுக்கு வருகிறேன். தர்மதாஸ் சும்மா கூடவே வருகிற ஆள் இல்லை. கதை முடிகிற விதமே அவர் வாயால் வந்தது என்பது என் எண்ணம். தேவதாஸின் அப்பா இறந்த சமயத்தில் பார்வதி ஊருக்கு வருகிறாள். தேவதாஸ் குடியில் விழுந்துவிட்டதை அவளிடம் அழுதுகொண்டே சொல்கிறவர் தர்மதாஸ்தான். வளர்த்த கையால் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற வேதனை அவருக்கு. தன் சொல்லுக்கு மதிப்பில்லை, பாரு சொன்னால் கேட்பான் என்ற நம்பிக்கையில்தானே அவளிடம் சொல்கிறார்? பார்வதி போய் தேவதாஸைப் பார்க்கிறாள். தன் வீட்டுக்கு வரும்படியும் தன்னைப் பணிவிடை செய்ய விடும்படியும் கேட்கிறாள். சாவதற்கு முன்னால் ஒரு முறையாவது வருவேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பாண்டுவாவில் இறங்குகிறான். பிழைக்க வைக்க வேண்டும் என்று தர்மதாஸ் சொன்ன வார்த்தைதான் சுற்றிச் சுற்றி வந்து, அவர் தூங்கும்போது அவர் பிள்ளையை இறக்கிக் கூட்டிப்போயிருக்கிறது.

அப்புறம் பார்வதி வாழ்க்கைப்பட்ட ஊரான ஹாத்திபோதாவில், அவள் வீட்டு வாசலில் நடந்ததைப் பாருங்கள். மாட்டு வண்டியில் வந்து, ஜமீன் வீட்டு வாசல் அரசமரத்தடியில் கிடக்கிற ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. செத்த பிறகு சட்டைப் பையில் இருந்த கடிதங்களையும், கையில் பச்சை குத்தியிருந்த எழுத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தர்மதாஸ் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். வாசல் கதவைத் தட்டி, 'பாரு, வந்திருக்கான்' என்றிருப்பார். உயிர் இருக்கும்போதே அவள் ஓடி வந்திருப்பாள். அந்த உடலைத் தொட ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. பாதி வெந்தபடி வற்றிய குளக்கரையில் போடப்பட்டது. பிறந்த நாளிலிருந்து அந்த உடம்பைக் குளிப்பாட்டியவர் அந்த நேரத்தில் ரயில் ரயிலாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்திருப்பார். அவர் இல்லாமல் போனதால்தான் அந்தச் சாவு அவ்வளவு கோரமான சாவாக ஆனது. அதனால்தான் அவரைத் துணைப் பாத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் பார்வதியைப் பற்றிக்கூட ஆசிரியர் இரண்டு வரி சொல்கிறார். இப்போது அவள் எப்படி இருக்கிறாளோ தெரியாது, விசாரிக்கவும் மனமில்லை என்கிறார். தர்மதாஸைப் பற்றி அதுவும் இல்லை. வண்டியோடு போனவர் போனவர்தான்.

நம் தமிழில் இப்படி விட்டதில்லை. வளர்த்தவளுக்கு என்று ஒரு இடம் வைத்திருக்கிறோம். செவிலித்தாய் எந்தெந்தச் சமயத்தில் பேசலாம் என்று தொல்காப்பியமே சொல்கிறது. குறுந்தொகையில் நாற்பத்து நாலாவது பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது, வகுப்பில் நான் வருஷா வருஷம் நடத்தியது. தலைவி தலைவனோடு உடன்போக்குப் போய்விட்டாள். பெற்றவள் வீட்டில் இருக்கிறாள். பாலை வழியில் தேடிப் போகிறவள் செவிலி. கால் நடை தளர்ந்துவிட்டது. பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் வேறு யாரோ. வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்கள் இந்த உலகத்தில் 'வேறு யாரோ' என்கிறாள். செருப்பில்லாமல் லாங் பஜாரில் ஓடிய நைனாவுக்கு எதிரே வந்தவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். சிலப்பதிகாரத்திலும் கண்ணகியை வளர்த்த காவற்பெண்டு புகாரிலிருந்து மதுரைக்கும், அங்கிருந்து வஞ்சிக்கும் போய் நின்று அரற்றுகிறாள். இளங்கோவடிகள் அவளுக்குத் தனியாகப் பேச இடம் கொடுத்திருக்கிறார். பெற்றவளுக்கு மட்டும்தான் அழும் உரிமை என்று நம் புலவர்கள் நினைக்கவில்லை.

1985-ல் எனக்கு வேலை கிடைத்த புதிதில், நூலகத்திலிருந்து தேவதாஸ் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். சினிமாவாக ஏற்கெனவே டூரிங் கொட்டகையில் பார்த்த கதைதான். நைனாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரி அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, நான் படித்துக் காட்டினேன். ஐந்து ராத்திரி. பார்வதி, சந்திரமுகி கட்டங்களுக்கெல்லாம் 'ம்' கொட்டினார். பாண்டுவா வந்தது. நெற்றியைத் தொட்டுவிட்டு இறங்குகிற இடத்தைப் படித்து முடித்தேன். 'ம்' வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'இன்னொரு தரம் படி' என்றார். படித்தேன்.

கதையை முடித்துப் புத்தகத்தை மூடினேன். 'அந்தப் பெரியவரு இன்னா ஆனாரு?' என்று கேட்டார். கடைசி நாலு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எழுதல நைனா' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: 'ஊட்டுக்குப் போயி இன்னான்னு சொல்லியிருப்பாரு?'

நாற்பது வருஷமாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை. அந்த அண்ணன் என்ன கேட்டிருப்பார், காசியிலிருந்த அம்மாவுக்கு யார் தகவல் சொல்லியிருப்பார், 'நீ தூங்காம இருந்திருந்தா' என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கதையை எழுதியவரே வேலைக்காரரின் தூக்கத்தைக் குற்றமாக எழுதவில்லை. நெற்றியைத் தொட வைத்தார், வெட்கப்பட வைத்தார். தூங்குகிறவரைத் தூங்கவிட்டு வண்டியை அனுப்பினார். நாம்தான் சுருக்கிச் சொல்லும்போது பழியை அவர் மேல் வைத்துவிடுகிறோம்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மற்றத் தவறுகளுக்குப் போடுகிற மாதிரி கீழே பெட்டியில் சின்னதாகப் போட்டால் போதும். தேவதாஸ் தன் பணியாளர் தர்மதாஸை எழுப்பாமல் இறங்கினார் என்று இருக்கட்டும். இன்னொன்று, இந்த ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும், லாட்ஜ் மாடிகளிலும், காட்பாடி பிளாட்பாரத்திலும் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களிடம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். நோயாளியைப் பற்றிக் கேட்க வேண்டாம். கடைசியாக எப்போது படுத்துத் தூங்கினீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் மாடியில் இருந்த பர்த்வான் பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது காட்பாடிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். வண்டியில் தூங்குவாரா என்று கேட்டேன். 'நான் உட்கார்ந்துதான் வருவேன், தீதி' என்றார்.

கடிதம் நீளமாகிவிட்டது. இடம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தை வெட்டலாம், என் மாடி வாடகைக் கதையை வெட்டலாம். துண்டைப் போர்த்திய இடத்தையும் தர்மதாஸின் பெயரையும் மட்டும் விட்டுவிடாமல் போடுங்கள். குடியாத்தத்தில் அந்த வீட்டார் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். அதனால் என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கொசப்பேட்டை, வேலூர்.